ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ், மறுநாள் பிசிஆர் பாசிட்டிவ்: எதை நம்புவது?

கேள்வி, ஜனவரி 9, காலை 7.15

அப்பாவுக்கு 68 வயது. ஆறு நாளாகக் காய்ச்சல், இருமல். முந்தாநாள் இரவு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். மூக்கில் குச்சி விட்டு ஃப்ளூ ரேபிட் டெஸ்ட் எடுத்தார்கள். கால் மணி நேரத்தில் நெகட்டிவ் என்றார்கள். "ஃப்ளூ இல்லை" என்று சொல்லி ஆன்டிபயாடிக் மட்டும் ஏற்றினார்கள். நேற்று மாலை வார்டில் பிசிஆர் பாசிட்டிவ், இன்ஃப்ளூயன்சா ஏ. அதற்குப் பிறகுதான் ஃப்ளூ மருந்தான ஆசல்டமிவிர் கொடுத்தார்கள். டெஸ்ட் தப்பா, எடுத்த விதம் தப்பா? இப்படிப் பொய் சொல்லும் டெஸ்ட்டை எதற்கு வைத்திருக்கிறார்கள்?

ஜனவரி 9, இரவு 10.50

பதினான்கு வருடமாக அவசரப் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் கேள்வியைக் காலையிலேயே பார்த்தேன், ட்யூட்டி முடிந்து இப்போதுதான் எழுத முடிகிறது.

டெஸ்ட் சொன்னது ஒன்று, அதிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவு வேறு. அந்த ரேபிட் டெஸ்ட் அட்டையில் இருப்பது வைரஸின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி. கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கோடு விழ வேண்டுமானால் குச்சியில் நிறைய புரதம் இருக்க வேண்டும். பிசிஆர் அப்படியில்லை. கிடைத்த மரபணுத் துண்டை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கும். பத்துச் சுற்றில் ஒன்று ஆயிரமாகும், முப்பது சுற்றில் நூறு கோடியைத் தாண்டும். கொஞ்சமே வைரஸ் இருந்தாலும் அது பிடித்துவிடும். ஒரே மூக்கிலிருந்து இரண்டு பதில் வருவதற்கு முதல் காரணம் இதுதான்.

எண்ணிக்கையில் சொல்கிறேன். 2012இல் 159 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வந்தது. ஃப்ளூ உள்ள 100 பேரில் ரேபிட் டெஸ்ட் சராசரியாக 62 பேரைத்தான் பிடிக்கிறது. ஃப்ளூ இல்லாத 100 பேரில் 98 பேருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டுகிறது. முதலாவதை உணர்திறன் என்கிறார்கள், இரண்டாவதைத் தனித்தன்மை என்கிறார்கள்.

இப்போது சீசன் உச்சம் என்று வையுங்கள். காய்ச்சலும் இருமலுமாக வரும் 100 பேரில் 40 பேருக்கு ஃப்ளூ இருக்கிறது. டெஸ்ட் 25 பேரைப் பிடிக்கும், 15 பேரை விட்டுவிடும். மீதி 60 பேரில் 59 பேருக்கு நெகட்டிவ் வரும். ஆக மொத்தம் 74 நெகட்டிவ், அதில் 15 பேருக்கு ஃப்ளூ உண்டு. ஐந்து நெகட்டிவில் ஒன்று! அந்த ஐந்தில் ஒருவராக உங்கள் அப்பா இருந்திருக்கிறார். "ஃப்ளூ இல்லை" என்று சொல்ல அந்த அட்டையில் இடமே கிடையாது.

சந்தேகம் இருந்திருந்தால் இன்னொரு கிட் எடுத்து அப்போதே திரும்பச் செய்திருக்கலாம்.

ஜனவரி 10, காலை 6.20

ஒரு திருத்தம். 62 என்பது குழந்தைகளையும் சேர்த்த சராசரி. அதே ஆய்வில் பெரியவர்களுக்குத் தனியாகப் பார்த்தால் 54தான். குழந்தைகளின் மூக்கில் வைரஸ் அதிகம் இருக்கும், அதிக நாள் இருக்கும், அதனால் அவர்களிடம் டெஸ்ட் நன்றாக வேலை செய்கிறது. உங்கள் அப்பாவுக்கு 54ஐத்தான் நான் போட்டிருக்க வேண்டும். அப்படிப் போட்டால் 77 நெகட்டிவில் 18 பேருக்கு ஃப்ளூ, கிட்டத்தட்ட நான்கில் ஒன்று. போதாததற்கு அது நான்காம் நாள். ஃப்ளூ வைரஸ் மூக்கில் உச்சத்தில் இருப்பது முதல் இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் குறைந்துகொண்டே போகும்.

ஜனவரி 10, இரவு 11.30

நேற்று எழுதியதன் கடைசி வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதைப் படித்துவிட்டு ஒருவர், "இரண்டு தடவை நெகட்டிவ் வந்தால் தவறு, 62 பேரைப் பிடித்தது போக மீதி 38ல் 38 சதவீதம், அதாவது 14தானே, அது போதுமே" என்று கணக்குப் போட்டிருந்தார். என் வரிதான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது.

முதல் தவறும் இரண்டாவது தவறும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நடந்தால்தான் அந்தப் பெருக்கல் செல்லும். அதே மூக்கு, அதே மணி நேரம், அதே குறைந்த அளவு வைரஸ், பெரும்பாலும் அதே கை. முதல் தடவை ஏன் தவறியதோ அதே காரணத்தால்தான் இரண்டாவது தடவையும் தவறும். அந்த நேரத்தில் வேறு வகை டெஸ்ட் செய்ய வேண்டும், பிசிஆருக்கு அனுப்ப வேண்டும். திரும்பச் செய்வதற்குப் பொருள் வருவது இடையில் நேரம் விட்டால்தான், அதுவும் வைரஸ் ஏறிக்கொண்டிருக்கும் ஆரம்ப நாட்களில். கோவிட் வீட்டு டெஸ்ட்டுகளுக்கு 2022 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சொன்னதும் அதுதான்: நெகட்டிவ் வந்தால் 48 மணி நேரம் கழித்துத் திரும்ப எடுங்கள், அறிகுறியே இல்லாவிட்டால் மூன்று தடவை எடுங்கள். ஃப்ளூவில் நான்காம் நாள் எடுத்ததை ஆறாம் நாள் திரும்ப எடுத்தால் கிடைப்பது இன்னும் குறையும்.

ஜனவரி 11, மாலை 4.00

"எடுத்த விதம் தப்பா" என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

இருக்கலாம். குச்சி மூக்குத் துவாரத்திலிருந்து மேல்நோக்கிப் போகக் கூடாது. மூக்கின் தரையை ஒட்டி நேராகப் பின்னால் போக வேண்டும், தொண்டையின் மேல்பகுதியைத் தொட வேண்டும், அங்கே சில விநாடி நின்று சுழல வேண்டும். மூச்சு வாங்கும் பெரியவர் தலையைத் திருப்புவார், கையைத் தட்டிவிடுவார். நாமும் இரக்கப்பட்டுப் பாதியில் எடுத்துவிடுவோம். நான் அப்படி எடுத்திருக்கிறேன். அந்தக் குச்சியில் வைரஸ் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அட்டை நெகட்டிவ் என்று தெளிவாகச் சொல்லும்.

அப்புறம் நேரம். பெரும்பாலான அட்டைகளைப் பதினைந்து நிமிடத்தில் பார்க்க வேண்டும். எட்டாவது நிமிடத்தில் எட்டிப் பார்த்து நெகட்டிவ் என்று எழுதினாலும் தவறு, ஒரு மணி நேரம் மறந்துவிட்டுப் பிறகு தெரியும் மங்கலான கோட்டைப் பாசிட்டிவ் என்று எழுதினாலும் தவறு. எங்கள் லேபில் ஒரு மூத்த நுட்புனர் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் மாட்டிக்கொண்டு சுற்றுவார். புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். ஒரு நெரிசலான இரவில் ஆறு அட்டைகள் பெயர் மட்டும் எழுதி, நேரம் எழுதாமல் மேசையில் கிடந்தன. அவர் ஆறையும் குப்பையில் போட்டுவிட்டுத் திரும்ப எடுக்கச் சொன்னார். அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று நானும் அதையே செய்வேன்.

இன்னொன்று, நோய் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் மூக்கில் ஒன்றும் இல்லாமலே போகலாம். குழாய் போட்டு வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு மூக்கு மாதிரி நெகட்டிவ் என்றால் கீழே மூச்சுக்குழாயிலிருந்து எடுத்து அனுப்ப வேண்டும். மூக்கில் நெகட்டிவ், கீழே பாசிட்டிவ் என்று வந்த நோயாளிகளை நானே பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 12, காலை 9.10

சின்னக் குறிப்பு. "எங்கள் இடத்தில் மெஷினில் வைத்துப் படிக்கிறார்கள், அதுவும் 54தானா" என்று ஒருவர் கேட்டார். இல்லை. ரேபிட் என்ற ஒரே பெயரில் மூன்று வகை ஓடுகிறது. 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், கண்ணால் பார்க்கும் பழைய அட்டை இன்ஃப்ளூயன்சா ஏ-யில் 54 சதவீதம், கருவி படிக்கும் அட்டை 80, பிசிஆர் போல மரபணுவைப் பெருக்கி அரை மணி நேரத்துக்குள் முடியும் மூலக்கூறு டெஸ்ட் 92. தனித்தன்மை மூன்றுக்குமே 98க்கு மேல். ஆகவே "ரேபிட் நெகட்டிவ்" என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்த ரேபிட் என்பதுதான்.

2009 பெருந்தொற்றின்போது அந்தப் பழைய அட்டைகள் புதிய எச்1என்1 வைரஸில் மிக மோசமாகத் தவறின. சில ஆய்வுகளில் பத்தில் ஒன்றைத்தான் பிடித்தன. அமெரிக்காவில் 2017இல் விதியைக் கடுமையாக்கி, மூலக்கூறு டெஸ்ட்டோடு ஒப்பிட்டால் குறைந்தது 80 சதவீதம் பிடிக்க வேண்டும் என்று வைத்தார்கள்.

ஜனவரி 13, இரவு 1.20

இன்று தூக்கம் வரவில்லை. ஒருவர் "அப்படியானால் பாசிட்டிவை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், 98 சதவீதம் ஆயிற்றே" என்று எழுதியிருந்தார். நான் எழுதியதிலிருந்து அப்படித்தான் தோன்றும்.

முதலில் கணக்கு. சீசன் இல்லாத மாதத்தில் 1000 பேருக்கு டெஸ்ட் எடுக்கிறோம், அவர்களில் 10 பேருக்குத்தான் ஃப்ளூ. டெஸ்ட் 6 பேரைப் பிடிக்கும். மீதி 990 பேரில் 2 சதவீதம் பொய் பாசிட்டிவ், அதாவது 20 பேர். வந்த 26 பாசிட்டிவில் 6தான் உண்மை. அதே அட்டை, அதே 98 சதவீதம்தான். மாறியது டெஸ்ட்டுக்கு முன்பே அந்த நோய் இருக்கும் வாய்ப்பு மட்டும். தாமஸ் பேயஸ் என்ற கணிதவியலாளர் இறந்த பிறகு 1763இல் அச்சான கட்டுரையிலிருந்து வந்த கணக்கு இது. ஒவ்வொரு இரவும் அவசரப் பிரிவில் வேண்டியிருக்கிறது.

ஆனால் என்னைத் தூங்க விடாதது இந்தக் கணக்கு இல்லை. பாசிட்டிவ் முழு உண்மையாகவே இருந்த ஒரு இரவு.

வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது வருடம் என்று நினைக்கிறேன். முப்பது வயதைத் தாண்டிய ஒருவர் வந்தார். ஆறு நாள் முன்பு காய்ச்சல், இரண்டு நாள் பரவாயில்லாமல் இருந்தது, திரும்பக் குளிரோடு காய்ச்சல். அன்று வார்டு முழுக்க ஃப்ளூ. ரேபிட் எடுத்தோம், பாசிட்டிவ். எனக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதி இன்னும் ஞாபகம் இருக்கிறது. காரணம் கிடைத்துவிட்டது, அடுத்த நோயாளியைப் பார்க்கலாம். நாடித்துடிப்பு 128, மூச்சு நிமிடத்துக்கு 28 என்று நர்ஸ் எழுதி வைத்திருந்தார். காய்ச்சலால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

இருபது மணி நேரம் கழித்து ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார், உதடு நீலமாக. ஃப்ளூவுக்குப் பின் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வந்த நிமோனியா. பதினொரு நாள் ஐசியூவில் இருந்தார், பிழைத்து வீட்டுக்குப் போனார். ஃப்ளூ தணிந்து திரும்பக் காய்ச்சல் ஏறினால் பாக்டீரியா நிமோனியாவைத் தேடு என்பது மாணவனாக இருந்தபோதே படித்தது. 1918 பெருந்தொற்றில் இறந்தவர்களின் நுரையீரல் மாதிரிகளைப் பின்னாளில் ஆராய்ந்தபோது பெரும்பாலான சாவுகளில் பாக்டீரியா நிமோனியா இருந்தது என்று தெரிந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்தும், அட்டையில் இரண்டாவது கோடு விழுந்ததும் மூச்சு எண்ணிக்கை என் கண்ணில் படவில்லை.

அந்த டெஸ்ட்டின் துல்லியத்தில் ஒரு குறையும் இல்லை. இவருக்கு ஃப்ளூ இருக்கிறதா என்று கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் கொடுத்தது. ஃப்ளூ மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 14, இரவு 9.40

நேற்றைய குறிப்புக்கு ஆறுதலாக எழுதியவர்களுக்கு நன்றி. கோவிட் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வைரஸின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் டெஸ்ட்: மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் 2021 தொகுப்பில், அது அறிகுறி உள்ளவர்களிடம் 72 சதவீதம் பேரைப் பிடித்தது, இல்லாதவர்களிடம் 58. முதல் வாரத்தில் 78, இரண்டாம் வாரத்தில் 51. உலக சுகாதார நிறுவனம் கேட்ட குறைந்தபட்சம் 80.

பிசிஆரும் தவறும். 2020இல் வந்த ஓர் ஆய்வு நாள்வாரியாகப் பார்த்தது. தொற்று ஏறிய முதல் நாள் பிசிஆர் ஒருவரையும் பிடிக்கவில்லை. அறிகுறி தொடங்கும் நாளில் 38 சதவீதம் பேரை விட்டுவிட்டது. அதிலிருந்து மூன்று நாள் கழித்துத்தான் தவறு மிகக் குறைவு, அப்போதும் 20 சதவீதம். அதற்கு மேல் திரும்ப ஏறுகிறது.

ஜனவரி 15, மதியம் 2.30

டெங்கு. நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். அங்கேயும் நாள் கணக்குதான், ஆனால் வேறு மாதிரி. காய்ச்சலின் முதல் நாலைந்து நாளில் தேட வேண்டியது என்எஸ்1 ஆன்டிஜென், அதாவது வைரஸின் ஒரு புரதம். அதற்குப் பிறகுதான் உடல் தயாரிக்கும் ஐஜிஎம் ஆன்டிபாடி எட்டிப் பார்க்கும். இரண்டாம் நாளில் ஐஜிஎம் எடுத்து நெகட்டிவ் என்று சந்தோஷப்படுவதில் அர்த்தம் இல்லை, ஏழாம் நாளில் என்எஸ்1 நெகட்டிவ் என்பதும் அப்படித்தான். ஏற்கெனவே ஒரு முறை டெங்கு வந்தவருக்கு இரண்டாம் முறை வரும்போது என்எஸ்1 தவறும் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் உடலில் இருக்கும் பழைய ஆன்டிபாடி அந்தப் புரதத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது. கடுமையாக மாறும் ஆபத்தும் அந்த இரண்டாம் முறையில்தான் கூடுதல். டெஸ்ட் மிகவும் தேவைப்படும் ஆளிடம்தான் அது பலவீனமாக இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் கவலை தருகிற விஷயம்.

அதனால் என்எஸ்1 நெகட்டிவ் என்றாலும் காய்ச்சல் விடும் அந்த ஒன்றிரண்டு நாளில் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது, ரத்தம் கெட்டியாகி ஹிமாட்டோகிரிட் ஏறுவது, இவற்றில் ஏதாவது தெரிந்தால் நான் டெங்குவாகவே நடத்துவேன்.

ஜனவரி 17, இரவு 11.15

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை நாள் எண்களைச் சுற்றியே போய்விட்டேன்.

ஒரு வருடம் முன்பு காய்ச்சலும் குழப்பமான பேச்சுமாக ஒரு அம்மா வந்தார். ஹெர்ப்பஸ் மூளைக் காய்ச்சலோ என்று சந்தேகம். முதுகுத் தண்டு நீரை எடுத்துப் பிசிஆருக்கு அனுப்பினோம். இந்தத் துறையில் மிகத் துல்லியமான டெஸ்ட்டுகளில் அதுவும் ஒன்று, 95 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும். நெகட்டிவ் வந்தது. ஆனால் அறிகுறி தொடங்கிய முதல் மூன்று நாளில் அந்த டெஸ்ட்டும் தவறும், அவர் வந்தது இரண்டாம் நாள். வந்த உடனே தொடங்கியிருந்த ஹெர்ப்பஸ் மருந்தான அசைக்ளோவிரை நாங்கள் நிறுத்தவில்லை. ஐந்தாம் நாள் திரும்ப எடுத்தோம், பாசிட்டிவ். சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஏழு பேரைக் கொல்லும் நோய் அது. ஒரு நெகட்டிவை நம்பி மருந்தை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

1980இல் பாக்கர், காசிரர் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை ஒரு முறையாக எழுதினார்கள். நோய் இருக்கும் வாய்ப்பு ஓர் அளவைத் தாண்டிவிட்டால் டெஸ்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்து கொடு, மிகக் கீழே இருந்தால் டெஸ்ட்டே வேண்டாம், நடுவில் இருப்பவருக்குத்தான் டெஸ்ட் முடிவை மாற்றும். உங்கள் அப்பா 68 வயது, சீசன் உச்சம், நான்கு நாள் காய்ச்சல், மூச்சுத் திணறல், வார்டில் சேர்க்கும் நிலை. அவர் அந்த மேல் அளவைத் தாண்டியவர். டெஸ்ட் எடுத்ததில் தப்பில்லை, ஆனால் குச்சியை உள்ளே விடும் முன்பே ஆசல்டமிவிர் முடிவாகியிருக்க வேண்டும். வார்டில் சேர்க்கும் நோயாளிக்கு ஃப்ளூ சந்தேகம் என்றால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதே என்றுதான் வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம், தாமதமானாலும் கடுமையான நோயாளிக்குக் கொடுப்பார்கள். ஆகவே 9ஆம் தேதியே நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்: ஒரு நாள் தாமதம் நடந்தது, அது டெஸ்ட்டால் நடக்கவில்லை.

ஜனவரி 19, காலை 8.00

எங்கள் பிரிவின் மூத்த நர்ஸ் இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று என்னைப் பிடித்துக்கொண்டார். "ரேபிட்டை இப்படித் திட்டினால் நாளைக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். இரண்டு மணிக்கு எட்டுப் பேர் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது யாரை எங்கே படுக்க வைப்பது என்று எனக்கு அதுதானே சொல்கிறது."

அவர் சொல்வது சரி. பிசிஆர் மறுநாள் வரும், அதற்குள் பக்கத்துக் கட்டிலுக்குப் பரவிவிடும். சீசனில் வரும் பாசிட்டிவ் பெரும்பாலும் உண்மை. கால் மணி நேரத்தில் ஒருவரைத் தனியாக மாற்ற முடிகிறது, வேண்டாத ஆன்டிபயாடிக் சிலருக்குக் குறைகிறது. காய்ச்சலோடு வரும் சின்னக் குழந்தைக்குப் பாசிட்டிவ் என்றால் பாக்டீரியா தொற்று இருக்கும் வாய்ப்பும் இறங்குகிறது, ஆனால் சிறுநீர்த் தொற்று இருக்கலாம், சிறுநீரைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆனால் நெகட்டிவ் வந்தவரைக் கீமோ எடுக்கும் நோயாளியின் பக்கத்தில் படுக்க வைக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். "எப்போதாவது வைத்திருக்கிறேனா?" என்றார். வைத்ததில்லை. இந்தக் குறிப்புகளில் நான் சுற்றிச் சுற்றி எழுதியதை அவர் எண் எதுவும் இல்லாமல் பல வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார்.

ஜனவரி 22, இரவு 10.05

அப்பாவுக்கு ஆக்சிஜன் எடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு லேசானது. புகார் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். அது உங்கள் உரிமை. கொடுத்தால் "ஏன் தப்பான டெஸ்ட்" என்று கேட்காதீர்கள், கிட்டின் எல்லை என்று ஒரு பதிலோடு முடித்துவிடுவார்கள். "டெஸ்ட் நெகட்டிவ் என்றாலும் மருந்து ஏன் தொடங்கவில்லை, பிசிஆர் மாதிரி எத்தனை மணிக்கு லேபுக்குப் போனது" என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும்.

இந்த இழையால் என் பக்கத்தில் ஒன்று மாறியிருக்கிறது. பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன், என் கையெழுத்திலேயே "ஃப்ளூ இல்லை" என்று பல இடத்தில் இருக்கிறது. அடுத்த ஷிஃப்ட்டில் வருபவர் அதைப் படித்துவிட்டு அந்தப் பக்கமே திரும்பியிருக்க மாட்டார். இந்த வாரம் முழுக்க, "கண்ணால் படிக்கும் ரேபிட், நெகட்டிவ், அறிகுறியின் 4ஆம் நாள், மாதிரி பாதியில் எடுக்கப்பட்டது, பிசிஆர் அனுப்பியாயிற்று, மருந்து தொடர்கிறது" என்று எழுதுகிறேன். எழுத அரை நிமிடம் கூடுதலாகிறது. நேற்று காலை ஷிஃப்ட் மாறும்போது ஒரு பயிற்சி மருத்துவர் அதைப் படித்துவிட்டு, நான் கேட்காமலே லேபுக்குப் போன் செய்து பிசிஆர் என்னவாயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தார்.